கந்தையானாலும் கசக்காதீங்க

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பதைச் சின்ன வயசில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! நல்ல பழமொழி. உடம்பில் கட்டுகிற துணிக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். ஆனால் ஒரே ஒரு வகைத் துணிக்கு மட்டும் அது பொருந்தவே பொருந்தாது என்பது என் கட்சி. வேடிக்கை என்னவென்றால், "கந்தை" என்ற சொல்லே அந்த வகைத் துணியைத்தான் குறிக்கிறது. கந்தா என்ற சம்ஸ்கிருதச் சொல்லுக்கு ஒட்டுப்போட்டுத் தைத்த துணி என்று பொருள். வங்காளிகள் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கிற "காந்தா"வும் நம்முடைய கந்தையும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான்.

நான் சொல்ல வருவது பாதியில் நின்றுபோன ரஜாய் மேல்துணியைப் பற்றி. துண்டு துண்டாகத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, பஞ்சு வைக்காமல், அடித்துணி கொடுக்காமல் மடித்து வைத்துவிட்ட விரிப்பு. தில்லியில் இருந்த நம் குடும்பங்களில் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தால் ஒன்றாவது கிடைக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அது எப்படி நம் வீட்டுக்கு வந்தது? ஊரிலிருந்து தில்லிக்கு வந்தவர்களுக்கு முதல் டிசம்பரிலேயே பாடம் கிடைத்துவிடும். கொண்டுவந்த பெட்ஷீட்டும் ஜமக்காளமும் இந்தக் குளிருக்குக் காணாது. ரஜாய் வேண்டும். கடையில் தயாராக வாங்கலாம். இல்லாவிட்டால் உறையை நாமே தைத்துக் கொடுத்து, பஞ்சை எடைபோட்டு வாங்கினால், ரஜாய்க்காரர் பஞ்சை அடித்துப் பரப்பி நூலோட்டித் தந்துவிடுவார். கணக்குப் பார்த்துக் குடித்தனம் நடத்திய நம் அம்மாக்கள் இரண்டாவது வழிக்குத்தான் போனார்கள். உறையின் மேல்பக்கத்துக்கு வீட்டில் கிடந்ததெல்லாம் போனது. கிழிந்த சுங்குடிச் சேலை, பெண்ணுக்குச் சின்னதாகிப்போன பாவாடை, ரவிக்கைத் துணியின் மிச்சம், டெய்லர் கடையில் விழுந்த கத்தரன். கத்தரன் என்றால் வெட்டு மிச்சத் துண்டுகள், இங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். சரோஜினி நகர் மார்க்கெட் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஏற்றுமதியில் கழிந்த துணிகளும் மலிவாகக் கிடைத்தன.

சரி, ஏன் பாதியில் நின்றது? நான் பார்த்தவரையில் பெரும்பாலான வீடுகளில் ஒரே காரணம்தான். கணவருக்கு ரிட்டயர்மென்ட் வந்துவிடும். மாம்பலத்துக்கோ கும்பகோணத்துக்கோ திரும்ப வேண்டும். அங்கே ரஜாய் யாருக்கு வேண்டும்? மேல்துணி முடிந்திருக்கும், பஞ்சுதான் வாங்கியிருக்க மாட்டார்கள். மடித்துப் பெட்டியில் அடியில் போட்டுவிடுவார்கள். சில வீடுகளில் தைத்தவரே போய்விட்டார். ஊரில் இருந்திருந்தால் அவர் இதைத் தைத்தே இருக்க மாட்டார். தில்லிக் குளிருக்காக, தில்லியில் உட்கார்ந்து, ஊர்ச் சேலையை வெட்டித் தைத்தது. இங்கே வந்து குடித்தனம் நடத்தியதற்கு நம் குடும்பங்களில் போட்டோக்கள் இருக்கின்றன, டிரான்ஸ்ஃபர் ஆர்டர்கள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பெண்களின் கைவேலையாக மிஞ்சியிருப்பது அநேகமாக இது ஒன்றுதான்.

இந்தப் பெட்டிகள் சமீப வருஷங்களில் மொத்தமாகத் திறந்தன. சரோஜினி நகரையும் சேர்த்து தில்லியின் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை 2016 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. 2018இல் மரங்களை வெட்டுவதற்கு எதிராகப் போராட்டம் நடந்ததும், உயர்நீதிமன்றம் தடை விதித்ததும் பலருக்கு நினைவிருக்கும். மரத்துக்காவது நாலு பேர் கூடினார்கள். குவார்ட்டர்ஸ் வாசிகளின் டிரங்குப் பெட்டியைப் பற்றிக் கவலைப்பட யார் இருந்தார்கள்? காலி பண்ணு என்ற நோட்டீஸ் வந்தது. பெட்டி திறந்தது. உள்ளேயிருந்து பாச்சை உருண்டை நாற்றத்தோடு மேல்துணி வெளியே வந்தது. நம்மவர்கள் உடனே என்ன செய்வார்கள்? பழமொழியை நிறைவேற்றுவார்கள். நேராக வாஷிங் மெஷின்.

எனக்குத் தெரிந்த ஒரு மாமி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவர் அம்மா 1970களில் தைத்த மேல்துணி அது. மாமி ஜாக்கிரதையானவர், மெஷினில் போடவில்லை. "நல்லவிதமாப் பண்ணித் தருவாங்க" என்று நம்பி ஒரு சலவைக் கடையில் கொடுத்தார். திரும்பி வந்தது விரிப்பு இல்லை, கயிறு. பின்பக்கத்துத் தையல் ஓரங்கள் எல்லாம் பிசிறடித்து, நூல் நூலாக உருவி, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. சிவப்புத் துண்டிலிருந்து சாயம் இறங்கி, பக்கத்திலிருந்த வெள்ளை வாயில் துண்டுகள் ரோஸ் நிறமாகிவிட்டன. துணி சுத்தமாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முழுசாகத் தைத்து முடித்த ரஜாயில் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் நூலோட்டம் சேர்த்துப் பிடித்திருக்கும். வெட்டிய ஓரங்கள் உள்ளே பத்திரமாக மறைந்திருக்கும். முடிக்காத மேல்துணியில் அந்த ஓரங்கள் எல்லாம் பின்பக்கம் திறந்தே கிடக்கின்றன. தையலுக்கு வெளியே கால் அங்குலம் விட்டிருந்தால் அதிகம். தண்ணீரில் போட்டு அலசினால் அந்தக் கால் அங்குலம் பிரிந்து நூலாகும். அது தையல் வரைக்கும் போய்விட்டால் மேல்பக்கம் ஓட்டை.

இரண்டாவது, துணிகளின் கலவை. சேலைத் துண்டு ஏற்கெனவே நூறு தடவை துவைத்தது, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் தைத்திருக்கிற புதுக் கத்தரன் ஒருதரம்கூடத் தண்ணீரைப் பார்த்திருக்காது. இரண்டையும் சேர்த்து நனைத்தால் ஒன்று அப்படியே இருக்கும், மற்றது சுருங்கும், நடுவில் துணி கொப்பளிக்கும். இதில் ஒரு ரேயான் துண்டு இருந்தால் இன்னும் மோசம். பருத்தி நனைந்தாலும் வலுவாக நிற்கும். ரேயான் நனைந்தால் பாதி பலத்தை இழந்துவிடும். பட்டும் ஈரத்தில் பலவீனம்தான்.

மூன்றாவது, சாயம். இதற்கு நம்ம ஊர்க் கதையே இருக்கிறது. 1950களின் கடைசியில் மதராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. குளிர்ந்த தண்ணீரில் தனியாக, மெதுவாக அலச வேண்டும் என்ற விஷயம் சட்டை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மெஷினில் போட்டார்கள். சாயம் ஓடியது, புகார்கள் பறந்தன. கடைசியில் விளம்பரக்காரர்கள் அதையே பெருமையாக மாற்றி, சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் என்று போட்டு விற்றார்கள். அந்தத் துணியை ஏற்றுமதி செய்தவர்களில் ஒருவரான, பின்னாளில் லீலா ஓட்டல்களைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயர் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். சட்டையில் சாயம் கலந்தால் ஃபேஷன். அம்மா தைத்த மேல்துணியில் கலந்தால் எந்த விளம்பரக்காரரும் வந்து காப்பாற்ற மாட்டார்.

பருத்தி இழையோடு ரசாயனமாகவே பிணைந்துகொள்கிற ரியாக்டிவ் சாயங்கள் சந்தைக்கு வந்ததே 1956இல்தான். அவை நம் சேலைகளுக்கு வந்து சேர இன்னும் காலம் ஆனது. அதனால் பழைய சேலைத் துண்டு எதையும் "கெட்டிச் சாயம்தான்" என்று நம்பிவிடாதீர்கள். உப்புப் போட்டால் நிற்கும், வினிகர் விட்டால் நிற்கும் என்பார்கள். துணிக்குச் சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. ஐம்பது வருஷம் கழித்து, ஓடத் தயாராக இருக்கிற சாயத்தை அது பிடித்து நிறுத்தாது.

இதையெல்லாம் வைத்துத்தான் சொல்கிறேன். அழுக்கு எங்கேயும் ஓடிவிடாது. இன்றைக்கு எடுக்காவிட்டால் அடுத்த வருஷம் எடுக்கலாம், நம்மைவிட விஷயம் தெரிந்த ஒருவர் எடுக்கலாம். ஓடின சாயத்தையும் பிரிந்த நூலையும் யாராலும் திரும்ப வைக்க முடியாது. அதனால் முடிக்காத மேல்துணிக்குத் தண்ணீர் கடைசி வழியாக இருக்கட்டும்.

"துவைக்காத துணியை வீட்டுக்குள்ளே வச்சுக்கறதா? அதுவும் போனவங்க துணியை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, நம் வீடுகளில் கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஆனால் நம் வழக்கத்திலேயே பதிலும் இருக்கிறது. மடி பார்க்கிற வீடுகளில் பருத்தியைத் தினம் துவைத்து உலர்த்துவார்கள். பட்டுக்கு அது கிடையாது. கல்யாணப் புடவையை யாராவது வருஷா வருஷம் சோப்புப் போட்டு அடித்தார்களா? நிழலில் விரித்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து வைத்தார்கள். தேருக்குக் கட்டுகிற தொம்பை இருக்கிறதே, துண்டுத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்த தஞ்சாவூர் வேலை, அதைத் திருவிழா முடிந்ததும் யாராவது கல்லில் அடித்துத் துவைக்கிறார்களா? சில துணிகளைத் துவைக்காமலே சுத்தமாக வைத்துக்கொள்ளும் வித்தை நமக்குத் தெரிந்ததுதான். இந்த வடக்கத்திக்காரர்களையும் பாருங்கள். ரஜாய்க்கு மேலே ஒரு உறை போட்டு, உறையைத்தான் துவைக்கிறார்கள்.

சரி, துவைக்காமல் எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் நல்ல வெளிச்சத்தில், கட்டிலில் ஒரு வெள்ளைப் பெட்ஷீட் விரித்து, அதன்மேல் மேல்துணியைப் பரப்பிப் பாருங்கள். உதறாதீர்கள். உதறினால் பலவீனமான தையல் அங்கேயே விட்டுவிடும். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் பென்சில் கோடு, மில் முத்திரை, டோபி போட்ட குறி எல்லாம் இருக்கலாம். சேங்கொட்டைச் சாறில் டோபி போட்ட குறி என்றால் அந்தத் துண்டு எந்த வீட்டுச் சேலையிலிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. குத்திவிட்டு மறந்துபோன ஊசி, குண்டூசி இருந்தால் எடுத்துவிடுங்கள், துருப்பிடித்துக் கறையாகும். இழுத்தால் பொடிப்பொடியாக உதிர்கிற துண்டு ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கறுப்பு, கரும்பழுப்புத் துண்டுகளைக் கவனமாகப் பாருங்கள். இரும்பு சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு காலப்போக்கில் துணியையே அரித்துவிடும். பழைய கலம்காரித் துணிகளில் கறுப்புக் கோடு மட்டும் ஓட்டையாகிப் போயிருப்பது அதனால்தான்.

அடுத்தது பூச்சி. ஓட்டை, உதிர்ந்த தோல், மணல் மாதிரி எச்சம் தெரிந்தால், துணியைத் தளர்வாக மடித்துப் பாலிதீன் பைக்குள் வைத்து, காற்றை வெளியேற்றி, நன்றாக மூடி ஃபிரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். பஞ்சு இல்லாததால் வீட்டு ஃபிரீசரிலேயே அடங்கிவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டால் குளிர் போய்விடும், வேர்க்கிற ஈரம் பைக்கு வெளியேதான் படியும். எதையும் தெளிக்க வேண்டாம்.

பிறகு தூசு. வாக்குவம் கிளீனரை இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் வையுங்கள். கொசுவலைத் துணி ஒரு முழம் வாங்கி, ஓரங்களை மடித்துத் தைத்து, மேல்துணியின்மேல் விரித்துக்கொள்ளுங்கள். குழாயின் வாயிலும் ஒரு துண்டு வலையைக் கட்டிவிடுங்கள். துணியைத் தேய்க்காமல், வலைக்கு மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். முதலில் மேல்பக்கம், பிறகு பின்பக்கம். தையல் ஓரங்களில்தான் தூசு அதிகம் தங்கியிருக்கும். இது ஒன்றைச் செய்தாலே துணியின் நிறம் தெளிவதைக் கண்ணால் பார்க்கலாம். தூசு என்பது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. தில்லித் தூசு கூர்மையான மணல், இழைக்குள் உட்கார்ந்து அறுக்கும். அதை எடுப்பதுதான் உண்மையான சுத்தம்.

பிறகு நாற்றம். நிழலில், தட்டையாக, கீழே ஒரு சுத்தமான வெள்ளைத் துணியும் மேலே ஒன்றும் போட்டு மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் கிடக்கட்டும். வெயிலில் போட ஆசையாக இருக்கும். மஞ்சள் கறை வெயிலில் போகும் என்பது உண்மைதான். மஞ்சளை வெளுக்கிற அதே வெயில் மற்ற சாயங்களையும் வெளுக்கும், இழையையும் நைய வைக்கும். தில்லியில் இருப்பவர்கள் மார்ச்சில் செய்யுங்கள். மே மாதம் புழுதிப்புயல், ஜூலை ஆகஸ்டில் ஈரம், நவம்பரில் புகை. சென்னையில் என்றால் மழைக்காலம் முடிந்து, நல்ல காய்ந்த நாளாகப் பாருங்கள்.

பூஞ்சை இருந்தால் முதலில் நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்து பொடியான பிறகுதான் எடுக்க வேண்டும், ஈரத்தோடு தொட்டால் துணிக்குள் இழுகிவிடும். மூக்குக்கு என்-95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். வாக்குவம் ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் ஊதும் என்பதால், ஹெப்பா ஃபில்டர் இல்லாவிட்டால் வராந்தாவில் வைத்துச் செய்யுங்கள். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் இடத்தில் வைத்தால் பூஞ்சை பொதுவாகத் திரும்ப வளராது.

பத்து மேல்துணிகளில் எட்டுக்கு இதுவே போதும் என்பேன். மிச்சத்துக்கு?

குடும்பத்தில் யாராவது அதைப் போர்த்திக்கொள்ளத்தான் போகிறார்கள், மடித்துவைத்து என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். இதுவும் நியாயம்தான். தைத்தவர் போர்த்தத்தான் தைத்தார், அருங்காட்சியகத்துக்கு இல்லை. அப்படியென்றால் முதலில் முடியுங்கள், பிறகு சுத்தத்தைப் பாருங்கள். முன்பே துவைத்துச் சுருங்கிய மெல்லிய பருத்தியை அடித்துணியாகக் கொடுத்து, பஞ்சு வைத்து, கையால் நூலோட்டிவிட்டால் துணிக்கு முதுகெலும்பு வந்துவிடும். அதற்கு மேலே ஒரு உறை போட்டுப் பயன்படுத்துங்கள். அடிக்கடி துவைக்கப்போவது உறையை மட்டும்தான்.

முடிப்பதற்கு முன்பே துவைத்தே தீர வேண்டும் என்ற நிலைமையும் வரலாம். எலி மூத்திரம், வெள்ளத்தில் நனைந்த பெட்டி, இப்படி. அப்போது முதலில் சாயச் சோதனை. முடிக்காத மேல்துணியில் ஒரே ஒரு வசதி, பின்பக்கத் தையல் ஓரம் எல்லாத் துண்டுக்கும் கைக்கு எட்டும். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெள்ளைத் துணியை வைத்துச் சில நிமிஷம் அழுத்திப் பாருங்கள். பிறகு சலவைத் திரவம் கலந்த தண்ணீரில் அதையே இன்னொரு தடவை. ஒரே ஒரு துண்டில் நிறம் இறங்கினாலும் விஷயம் முடிந்தது, துவைக்கக் கூடாது. எல்லாம் தேறினாலும் முழு உத்தரவாதம் இல்லை, தொட்டியில் ரொம்ப நேரம் ஊறினால் ஓடுகிற சாயமும் உண்டு. பட்டு, ஜரிகை, வெல்வெட், மையால் எழுதிய எழுத்து எது இருந்தாலும் தண்ணீர் கூடாது.

தேறிவிட்டால் மேல்துணியை இரண்டு கொசுவலைத் துணிகளுக்கு நடுவில் வைத்துப் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டுச் சேர்த்துவிடுங்கள். தையல் ஊசி துண்டுகளின் இணைப்பில் இறங்கட்டும், துணியின் நடுவில் வேண்டாம். வீட்டில் பெரிய தொட்டி இல்லையா? மொட்டை மாடியில் நிழலான பக்கம் செங்கல்லை நாலு பக்கமும் அடுக்கி, உள்ளே தடித்த பாலிதீன் ஷீட்டை விரித்தால் தொட்டி தயார். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. தில்லியின் போர்த் தண்ணீர் கடினமானது. சோப்புக் கட்டியைப் போட்டால் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகித் துணியிலேயே தங்கிவிடும். அதனால் சோப்பு வேண்டாம், கம்பளிக்கு விற்கிற மென்மையான திரவம் கொஞ்சமே கொஞ்சம். கடைசி இரண்டு அலசலுக்காவது ஆர்ஓ தண்ணீர். உள்ளங்கையால் மெதுவாக அமுக்கி எடுக்க வேண்டும், கசக்கக் கூடாது. பிழியவே கூடாது. நனைந்த பருத்தி தன் எடையைப் போலப் பல மடங்கு கனக்கும், கொடியில் தொங்கவிட்டால் அந்தக் கனத்திலேயே தையல் அறும். வலையோடு சேர்த்துத் தூக்கி, துண்டுகளின் மேல் தட்டையாக விரித்து, நிழலில் காற்றோட்டத்தில் காயவிடுங்கள்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சலவைப் பவுடரில் வெண்மைக்காகச் சேர்க்கிற ரசாயனம் பழைய துணியின் நிறத்தையே மாற்றிக் காட்டும். அதிலுள்ள என்சைம் பட்டையும் கம்பளியையும் தின்னும். உஜாலா வேண்டாம், கஞ்சி வேண்டாம். கஞ்சிதான் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. துருக்கறையில் குளோரின் பிளீச் ஊற்றினால் கறை இன்னும் கெட்டியாக உட்காரும். எலுமிச்சையும் உப்பும் கறையை எடுக்கலாம், அமிலம் மிஞ்சினால் அந்த இடத்தில் துணியையும் எடுத்துவிடும். டிரை கிளீனிங் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அதுவும் உருளைக்குள் போட்டுப் புரட்டுகிற வேலைதான். தண்ணீரில் கரையும் பழுப்பு அந்தக் கரைப்பானில் போகவும் போகாது. பழுப்புக் கறை, மடிப்புக் கோடு இவற்றோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள். வயசானவர்கள் முகத்தில் சுருக்கம் இல்லையா?

ரொம்பப் பழசு, அல்லது பட்டும் ஜரிகையுமாக இருக்கிறது என்றால் நாமே கையை வைக்காமல் தெரிந்தவர்களிடம் போவது நல்லது. தில்லி லோதி எஸ்டேட்டில் இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. 1984இலிருந்து பழம்பொருள்களைக் காக்கிற வேலையில் இருக்கிற அமைப்பு. ஒரு போட்டோவைக் காட்டி யோசனை கேட்பதில் நமக்கு என்ன குறைந்துவிடப்போகிறது?

சுத்தம் செய்தபின் திரும்பவும் இரும்புப் பெட்டியில் அப்படியே போட்டுவிடாதீர்கள். அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி, பலமுறை துவைத்துக் கஞ்சியெல்லாம் போனது, அதைவிட நல்ல உறை கிடையாது. தடித்த அட்டைக் குழாயில் முதலில் வேட்டியைச் சுற்றி, அதன்மேல் மேல்துணியைச் சுருட்டி, மறுபடி வேட்டியால் மூடுங்கள். மடித்துத்தான் வைக்க வேண்டுமென்றால் மடிப்புகளுக்குள் துணிச் சுருள் வைத்து, ஆறு மாசத்துக்கு ஒருதரம் மடிப்பை மாற்றுங்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் புடவைப் பை வேண்டாம். பாச்சை உருண்டையும் வேண்டாம். அந்த நாற்றத்தோடு இருந்த துணியில் கைக்குழந்தையைச் சுற்றவே கூடாது. ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக இருக்கிற குழந்தைகளுக்கு நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பூச்சிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வைப்பவர்கள் ஒரு துணிப்பையில் முடிந்து, மேல்துணியில் படாமல் பக்கத்தில் வையுங்கள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒரு வெள்ளை நாடாவில் பென்சிலால் எழுதுங்கள். யார் தைத்தது, எந்த வருஷம், எந்தக் குவார்ட்டர்ஸில், எந்தத் துண்டு யாருடைய சேலை. அதை வேட்டி உறையில் தைத்துவிடுங்கள், மேல்துணியில் வேண்டாம். துண்டுகளை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். தூசு அடுத்த மார்ச் வரை காத்திருக்கும். அவர் ஞாபகம் காத்திருக்குமா தெரியாது.